சால்னா இன்னும் சாப்பிடவில்லை

மத்திய சிறை
17 மார்ச் 2024

செல்வி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ மேலே படிக்க மாட்டாய். அதனால் நேராகச் சொல்கிறேன். போன வாரம் குண்டர் சட்டத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கே வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு வருஷத்துக்கு ஜாமீன் கிடையாது. வக்கீல் மதுரையில் ஐகோர்ட்டில் மனுப் போடுகிறேன் என்கிறார். என்கிறார், அவ்வளவுதான்.

குடோனில் அடுக்கியிருந்த உர மூட்டை அட்டி சரிந்து, என்னோடு சுமை தூக்கிய விக்டர் செத்தான். அதற்கு ஒரு ஆள் மேலும் கேஸ் இல்லை. நியாயம் கேட்டுக் குடோன் கேட்டில் உட்கார்ந்தோம். யாரோ எறிந்த கல்லில் ஒரு லாரிக் கண்ணாடி உடைந்தது. அதற்குப் பதினோரு பேர் மேல் கேஸ். அதில் நான் குண்டன். போகாதே என்று நீ வாசலை மறித்து நின்றாய். உன்னைத் தள்ளிவிட்டுப் போனேன். தள்ளியது தப்பு. போனது தப்பில்லை.

இங்கே போன் உண்டு. ஆனால் உன் சிம் இன்னும் அப்பா பேரில் இருக்கிறது. செத்தவர் பேரில் இருக்கிற நம்பரைப் பதிய முடியாதாம். அதனால் கடிதம். அவர்கள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நேரில் வராதே. ஒரு நாள் போக, ஒரு நாள் வர, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பத்து நிமிஷம் கத்திப் பேச. வேண்டாம்.

முயல்களைப் பற்றி எழுதத்தான் இந்தத் தாளை வாங்கினேன். இரண்டுக்கும் எட்டு வயது முடிந்துவிட்டது. முயலுக்கு அது கிழப்பருவம். குட்டியாக இருந்தபோது போட்டதைப் போட்டுவிட்டுப் போன மாதிரி இப்போது போக முடியாது.

புரோட்டாவுக்கு இடது கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. தொடுமுன் குரல் கொடு, இல்லையென்றால் திடுக்கிட்டுத் துள்ளி இடுப்பை முறித்துக்கொள்வாள். டிசம்பர் வெள்ளத்தில் ஆறு நாள் பீரோ மேல் ஈரச் சாக்கில் உட்கார்ந்ததில் அவளுடைய பின்னங்கால் அடியில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. காய்ந்த கோணி, அதன்மேல் பழைய துண்டு. தினமும் மாற்று. மூத்திரத்தில் உட்கார விடாதே.

சால்னாவுக்குப் பல். அவள் தாடை கோணல், முன்பல் தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வெட்டணும். அலமாரி மேல்தட்டில் என் சின்ன கட்டிங் பிளேயர் இருக்கிறது, தார்ப்பாய்க் கம்பி வெட்டுகிறது. அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, உதட்டை விலக்கி, ஒரே வெட்டு. ஆறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

நான் வரும்போது இரண்டும் இருக்கணும். வேறு எதுவும் கேட்கவில்லை.

ராஜா


மாப்பிள்ளையூரணி
31 மார்ச் 2024

அண்ணனுக்கு,

வேறு எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். நீ தள்ளியதில் படியில் விழுந்தேனே, அந்தக் கை எப்படி இருக்கிறது என்றுகூட நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முழங்கை வீக்கம் இறங்கிவிட்டது. இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நின்றால் எந்த வீக்கமும் இறங்கும், கூடவே நகமும் இறங்கும்.

காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வருகிறது. மறுபடி இறக்கிவிட மாலை ஆறு. வந்ததும் கோணி மாற்றி, துண்டு அலசி, புரோட்டாவின் காலைக் கழுவி, மஞ்சள் போட்டு, அதன் பிறகுதான் எனக்குச் சோறு. புல் இந்தப் பக்கம் ஒரு இணுக்கு இல்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் எது முளைக்கும்? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் புதுக்கோட்டைப் பக்கம் போய் வாய்க்கால் கரையில் அருகம்புல் அறுத்து வருகிறேன். “வீட்டுல மாடு நிக்கா தாயி?” என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம், ரெண்டு நிற்கிறது, ஒன்று நொண்டி, ஒன்று கோணவாய் என்றேன்.

பக்கத்து வீட்டுச் செந்தூர்வேல் மாமா தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

“ஏளா செல்வி, இந்தக் கெழட்டு ரெண்டையும் வச்சு என்ன செய்யப் போற? எங்கிட்ட தா, ஞாயித்துக்கெழம முடிச்சிருவோம்.”

“எட்டு வயசு மாமா. வேகுறதுக்குள்ள உங்களுக்கு வயசாயிரும்.”

“குக்கர்ல போட்டா?”

“குக்கருக்கும் வயசாயிரும்.”

சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். போலீஸ் உன்னைத் தேடி வந்தபோது அதே வேலிக்கு மேலே கையை நீட்டி நம் வீட்டைக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்கிறாள். “போலீஸ் வந்து போற வீடுன்னு நாளைக்கு யாரு வாடகைக்கு வருவா?” என்கிறாள். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நானும் கேட்டேன். வீம்புக்குக் கேட்டதுதான், போக இடம் கிடையாது.

ஒன்றை மறந்துவிடாதே. இந்த முயல்களை நீ எனக்காக வாங்கினாய். எனக்குப் பதினாலு வயது. அப்பா செத்து ஒரு மாதம் நான் யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் அட்டைப்பெட்டியில் இரண்டு பெட்டைக் குட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாய். அன்றைக்கு வீட்டில் கடைப் புரோட்டா. வெள்ளைக்கும் காப்பிக்கலருக்கும் நான்தான் பெயர் வைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை சால்னா. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு இறால் உரிக்கப் போனேன். அதோடு அதுகள் உன்னுடையவை ஆகிவிட்டன. இப்போது மறுபடி என் தலையில். சுமப்பாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

சால்னாவின் பல் உதட்டுக்கு வெளியே வந்துவிட்டது. பிளேயரைக் கையில் எடுத்தேன். கை நடுங்கியது, வைத்துவிட்டேன். டாக்டரிடம் கொண்டுபோகவா?

செல்வி


மத்திய சிறை
14 ஏப்ரல் 2024

செல்வி,

கையைப் பற்றிக் கேட்காதது தப்பு. மன்னித்துக்கொள்.

டாக்டர் வேண்டாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தரிடம் கொண்டுபோனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, “ஏலே, இதுக்குப் போயி லீவு போட்டியா? வேற ஒண்ணு வாங்கிக்கோ” என்றார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இதுகளுக்கு நான்தான் டாக்டர் என்று. பிளேயரை வெந்நீரில் போட்டு எடு. ஒரே வெட்டாக வெட்டு. யோசித்தால்தான் கை நடுங்கும். இன்றைக்கே செய். பல் நீண்டால் அவள் பட்டினிதான்.

ஒவ்வொரு கடிதத்திலும் எனக்கு இதெல்லாம் வேண்டும்: இரண்டும் என்ன தின்றன, எவ்வளவு தண்ணீர் குடித்தன, புழுக்கை எந்த அளவு, உருண்டையா, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வருகிறதா. ஒன்றும் விடாமல் எழுது.

என்னோடு தாணுலிங்கம் அண்ணாச்சி என்று உடன்குடிக்காரர் இருக்கிறார். கருப்பட்டி வியாபாரம், ஏதோ செக் கேஸ். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். குக்கருக்கும் வயசாயிரும் என்ற இடத்தில் இருமும் அளவுக்குச் சிரித்தார். “ஒன் தங்கச்சி வாய் இருக்கே, அத இங்கன கூட்டிட்டு வந்தா நம்ம எல்லாத்துக்கும் விடுதல” என்றார். இங்கே வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அறிவுரைக் குழு முன்னால் நிறுத்தினார்கள். மூன்று பேர். “கல் எறிந்தாயா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். போகலாம் என்றார்கள். தடுப்புக்காவல் சரிதான் என்று தாள் வந்துவிட்டது. இனி வெளியே வருவது அடுத்த வருஷம் மார்ச்.

செல்வி, உனக்கு இது புரியணும். இங்கே நான் சொல்லி எதுவும் நடக்காது. லைட்டை அணை என்று சொல்ல முடியாது. சோறு போதும் என்றோ இன்னும் கொஞ்சம் என்றோ சொல்ல முடியாது. எழுந்திரு என்றால் எழுந்திருக்கணும், உட்கார் என்றால் உட்காரணும். என் பேச்சு நடக்கிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கூண்டு. அதையும் பிடுங்காதே.

ராஜா


மாப்பிள்ளையூரணி
9 மே 2024

அண்ணனுக்கு,

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுத உட்கார்ந்தேன், எழுதினேன், கிழித்தேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே வெட்டினேன். நீ சொன்ன மாதிரியே துண்டு, மடி, வெந்நீர், ஒரே வெட்டு. மேல்பல் சரியாக வந்தது. கீழ்ப்பல்லை வெட்டியபோது உளுந்தவடையில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம். பல் குறுக்கே ஒடியாமல் நீளவாக்கில் வேர் வரை பிளந்துவிட்டது. சால்னா கத்தினாள். முயல் கத்தும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா? சின்னப் பிள்ளை மாதிரி கத்துகிறது.

இரண்டு நாள் கழித்து வாயோரம் எச்சில் வழிந்தது. ஐந்தாம் நாள் தாடைக்குக் கீழே சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. பத்தாம் நாள் எலுமிச்சை அளவு. நீ டாக்டர் வேண்டாம் என்றாய், நான் போனேன். முதலில் போன இடத்தில் நாய்க்குத்தான் பார்ப்போம் என்றார்கள். அங்கே நாயோடு நின்ற ஒரு அம்மா, காயல்பட்டினத்து ராஹிலா டாக்டர் முயல், கிளி எல்லாம் பார்ப்பார் என்று சொன்னார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு பஸ்ஸில் கொண்டுபோனேன். புரோட்டாவையும்தான். ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து, தரையில் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். சீழ் தண்ணீர் மாதிரி வரவில்லை, பற்பசை மாதிரி கெட்டியாக இருந்தது. எலும்புக்குள்ளேயே இறங்கிவிட்டதாம். மயக்க மருந்து கொடுத்துத் தாடையைத் திறக்கலாம், ஆனால் இந்த வயதில் மயக்கத்திலிருந்து எழுந்திருப்பதே சந்தேகம், எழுந்தாலும் மறுபடி கட்டும் என்றார்.

“பிள்ளைக்கு ரொம்ப வலிக்குதும்மா. முயலு வலியக் காட்டாது, காட்டுனா மத்தது தின்னுடும்னு மறைச்சு வைக்கும். இதுவே இவ்வளவு காட்டுதுன்னா யோசிச்சுக்கோங்க. தூங்க வச்சு அனுப்பிருவோம். நான் செஞ்சு தாரேன்.”

என் அண்ணனைக் கேட்கணும் என்றேன். எங்கே இருக்கிறார் என்றார். வெளிநாட்டில் என்றேன். வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிற காயல்பட்டினத்துக்காரர்களுக்கு அது சட்டென்று புரிந்துவிடுகிறது. மறு கேள்வி கேட்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதவில்லை.

வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறார். தீவனத்தை ஊறவைத்து அரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டுகிறேன். புழுக்கை மிளகைவிடச் சிறிதாக இருக்கிறது. நீ கேட்ட கணக்கு இதுதான்.

சால்னாவை அனுப்பட்டுமா? பதில் எழுது. சீக்கிரம்.

செல்வி


மத்திய சிறை
18 மே 2024

செல்வி,

கூடாது.

அந்த டாக்டர் யார் என் முயலைக் கொல்ல? கட்டி என்றால் கீறிச் சீழை எடுக்கணும். எலும்பு என்றால் எலும்புக்கு மருந்து கொடுக்கணும். மனுஷனுக்கு வயசாகி வலித்தால் ஊசி போட்டா அனுப்புகிறார்கள்? யாரால் பிரயோஜனம் இல்லையோ அவனை முடித்துவிடு என்பதுதான் அந்தக் குடோன்காரன் சட்டம். அதை என் வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறாய்.

உனக்கு அதுகள் எப்போதுமே பாரம். உன் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். உன் கை நடுங்கியதால்தான் பல் பிளந்தது. யோசிக்காதே என்று எழுதினேன். யோசித்திருக்கிறாய். நான் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அவள் போனால் எனக்கு விடுதலையும் வேண்டாம், அடுத்த மார்ச்சும் வேண்டாம். நான் சும்மா எழுதவில்லை. இங்கே போன வாரம் ஒருத்தன் போர்வையைக் கிழித்தான். எப்படி என்று எல்லோரும் பார்த்தோம்.

கூடாது. எழுதிவிட்டேன்.

ராஜா


மாப்பிள்ளையூரணி
30 மே 2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் வந்தது பயம். போர்வையைப் பற்றி எழுதி என்னைப் பயமுறுத்தணும் என்று நினைத்தாய், பயந்தேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா சொன்ன இன்னொன்று இதுதான். முயல் பல்லைப் பிளேயரால் வெட்டக் கூடாது. அது கம்பி இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகச் சாப்பாடு உள்ளே போய் வேரில் தங்கும். சின்ன மிஷின் வைத்துத் தேய்த்துத்தான் குறைக்கணும். எக்ஸ்ரே படத்தில் காட்டினார். சால்னாவின் இரண்டு வேரிலும் பழைய கீறல்கள். “இது உங்க கையில ஒரு நாள்ல வந்தது இல்ல. வருசக்கணக்கா ஆகியிருக்கு. கடைசி வெட்டு உங்களது, அவ்வளவுதான்” என்றார்.

ஆறு வருஷம். மூன்று வாரத்துக்கு ஒன்று. உன் கை, அண்ணா. நடுங்காத கை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாப் பழியையும் நானே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். என் கை நடுங்கியதால்தான் என்று நீ எழுதிய பிறகு என்னால் முடியவில்லை. நீ பாசத்தில் செய்தாய், எனக்குத் தெரியும். டாக்டரிடம் போனால் சிரிக்கிறார்கள், நம்மை மாதிரி ஆட்களின் வீட்டில் மருத்துவம் என்றால் பிளேயர்தான், அதுவும் தெரியும். அதனால் அவளுக்கு வலி குறையவில்லை.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று கேள். எனக்கு வேலை போய்விட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டணும் என்று கம்பெனியில் மதியம் வெளியே விடக் கேட்டேன். சூப்பர்வைசர் முருகேஸ்வரி அக்கா, “ஏளா, கைப்பிள்ளக்காரிக்கே இங்கன பெர்மிசன் கெடையாது. நீ முயலுக்குக் கேக்க” என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. பால் கட்டிக்கொண்டு வலியோடு நின்று உரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்காவும் ஒரு காலத்தில் என் பக்கத்து மேஜையில் அப்படி நின்றவள்தான். நான் மூன்று நாள் சொல்லாமல் ஓடிவந்தேன். நாலாம் நாள் வேனில் ஏற்றவில்லை.

ஆக இப்போது நாள் முழுக்க நான், அவள், சிரிஞ்சு. வாயின் ஓரத்தில் மெல்ல விடணும். பாதி வெளியே வழிகிறது. மீதியை விழுங்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகிறது, விழுங்கும்போது கண் பிதுங்குகிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறாள். வலியில் கடிப்பதாம் அது. நான் சமைக்கும்போது கேட்கிறது, குளிக்கும்போது கேட்கிறது. வீடு ஒரே அறைதானே. கட்டி வலது பக்கம் உடைந்துவிட்டது. புரோட்டா பாதிக் குருட்டுக் கண்ணோடு அவளை ஒட்டி உட்கார்ந்து அந்தச் சீழை நக்குகிறாள். நகர்த்தி வைத்தால் பின்னங்காலை இழுத்துக்கொண்டு மறுபடி வந்து நக்குகிறாள்.

பிரயோஜனம் இல்லாதவனை முடித்துவிடு என்பது குடோன்காரன் சட்டம் என்று எழுதினாய். குடோன்காரனுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வலிக்கிறவனிடம் வலிக்கிறதா என்று கேட்க மாட்டான், மேலே இருக்கிறவனிடம்தான் கேட்பான். இங்கே வலிக்கிறவள் சால்னா. நான் நானூறு கிலோமீட்டர் தள்ளி உனக்குத் தபால் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் பதினான்கு வரை காத்திருக்கிறேன். தபால் போய்வர அந்தப் பதினைந்து நாள். வலி மருந்து அதுவரை தாங்காது. அந்தப் பதினைந்து நாளை உனக்காக அவளிடமிருந்து எடுக்கிறேன். நீ சரி என்று சொல்லணும் என்று எனக்கு ஆசை, அதனால்தான்.

போர்வை விஷயம். நீ அப்படி ஏதாவது செய்தால், வந்து உடம்பை வாங்கிப்போக எனக்கு ஆள் கிடையாது. நான் தனி ஆள். அதை மட்டும் யோசி.

செல்வி


மத்திய சிறை
10 ஜூன் 2024

செல்வி,

உன் கடிதம் என் கைக்கு நேற்றுத்தான் வந்தது. ஒரு வாரம் ஆபீஸில் கிடந்திருக்கிறது. இது உனக்குப் பதினாலாம் தேதிக்குள் வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கீறல் இருக்கிற இடத்தைத் தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் படித்துக் காட்ட முடியவில்லை. தாளை அவரிடம் கொடுத்தேன். அவரே படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “தெரியாமச் செஞ்சது பாவம் இல்லன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். நானும் எங்கப்பாவுக்குச் சக்கரை கூடும்னு தெரியாம தெனமும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தவன்” என்றார். அன்று முழுக்க நான் என் வலது கையை மடக்கியே வைத்திருந்தேன். சோறும் இடது கையால் தின்றேன். வார்டர் முறைத்தார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். விக்டரைப் பற்றி நான் யாரிடமும் முழுதாகச் சொன்னது இல்லை. அட்டி சரிந்த உடனே அவன் சாகவில்லை. இடுப்புக்குக் கீழே மூட்டைக்கு அடியில் கிடந்தான், பேசினான், தண்ணீர் கேட்டான். ஆம்புலன்ஸ் வெளிக் கேட்டில் வந்து நின்றது. உள்ளே விட மேனேஜர் அனுமதி வேணும் என்றான் செக்யூரிட்டி. மேனேஜர் போனை எடுக்கவில்லை. நாற்பது நிமிஷம். நாங்கள் முப்பது பேர் நின்றோம், செல்வி. முப்பது பேரும் சுமை தூக்குகிறவர்கள். அந்தக் கேட்டைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அனுமதி வரட்டும் என்று நின்றோம். அவன் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுநாள் போய்க் கேட்டில் உட்கார்ந்தேனே, அது நியாயம் கேட்பதற்காக இல்லை. முந்தின நாள் நின்றதற்காக.

வலிக்கிறவளைக் கேட்காமல் மேலே கேட்கிறாய் என்று நீ எழுதியதைப் படித்ததும் அந்த நாற்பது நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. நான் அந்த மேனேஜர் ஆகிவிட்டேன்.

சரி. அனுப்பு. சால்னாவை அனுப்பிவிடு. கூட நீ இரு. வயிற்றோடு அணைத்துப் பிடி, பின்னங்கால் தொங்கவிடாதே, தொங்கினால் பயப்படுவாள். காதுக்குப் பின்னால் தடவு. புரோட்டாவையும் பக்கத்தில் வை.

ஒரே ஒரு வேண்டுதல். இந்தக் கடிதம் வர எப்படியும் இருபதாம் தேதிக்கு மேல் ஆகாது. நீ காத்திருந்தால், இருபத்தைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துக்கொள். அந்த நேரம் எங்களை வெளி முற்றத்தில் விடுவார்கள். அங்கே ஒரு வேம்பு உண்டு. பத்து மணிக்கு நான் அதன் அடியில் உட்கார்ந்திருப்பேன். வேறொன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்திருப்பேன்.

போர்வையைப் பற்றி எழுதியது அசிங்கம். இனி எழுத மாட்டேன்.

ராஜா


மாப்பிள்ளையூரணி
26 ஜூன் 2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. நான் காத்திருக்கவில்லை.

பதினான்கு வரை என்று எழுதிப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஜூன் மூன்று, திங்கட்கிழமை காலை அவள் சிரிஞ்சைக் கண்டதும் கூண்டின் மூலைக்குப் போய் முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டாள். அப்போதே கூடையை எடுத்துவிட்டேன். நீ சரி என்பாயா, கூடாது என்பாயா என்று யோசிக்கவில்லை. நீ கூடாது என்றிருந்தாலும் கொண்டுபோயிருப்பேன். ஆகவே உன் அனுமதி எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அது வந்ததும் வாசலில் உட்கார்ந்து அழுதேன். இரண்டும் உண்மை.

வயிற்றோடுதான் அணைத்திருந்தேன். பின்னங்கால் தொங்கவில்லை. நீ எழுதுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்தது. முதல் ஊசி தூங்க வைக்க. ஒரு மாதத்துக்குப் பிறகு பல் கடிக்கிற சத்தம் நின்றது. இரண்டாவது ஊசிக்கு முன்னால் டாக்டரம்மா, “பேரு என்ன?” என்று கேட்டார். சால்னா என்றேன். சிரிக்கவில்லை. “சால்னா, போயிட்டு வாம்மா” என்றார். புரோட்டாவை அருகில் விட்டோம். முகர்ந்தாள், நெற்றியை நக்கினாள், கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வெளிநாட்டில் இல்லை, ஜெயிலில் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். “எங்க தெருவுலயும் ரெண்டு பேரு உள்ள இருக்காங்க” என்றார். பஸ் ஸ்டாப் வரை அவரே ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டார்.

அவளை இங்கே புதைக்க வழியில்லை. தோண்டினால் இரண்டடியில் உப்புத் தண்ணீர். புல் அறுக்கிற வாய்க்கால் கரையில் புதைத்தேன்.

புதைத்த அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கணும், அந்தப் போர்வைக்குப் பயந்து தள்ளிப்போட்டேன். இருபதாம் தேதிக்குப் பிறகு உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அலைந்தேன். தபால் போட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் சேராது. ஜெயில் ஆபீசுக்குப் போன் செய்தேன். முயல் செத்த தகவல் எல்லாம் கைதிக்குச் சொல்ல முடியாது என்று வைத்துவிட்டார்கள். ஆக, நேற்றுப் பத்து மணிக்கு நீ அந்த வேம்படியில் உட்கார்ந்திருப்பாய், இங்கே அவள் செத்து மூன்று வாரம் ஆகியிருக்கும் என்று தெரிந்தே நான் இருந்தேன். நீ உட்கார்ந்தது வீண் போகவில்லை என்று எழுதலாம். பொய். சால்னாவுக்கு அது வீண்தான்.

புரோட்டாவைப் பற்றிச் சொல்கிறேன். சால்னா போன மறுநாளிலிருந்து அவள் தானாகத் தின்னவில்லை. கூண்டில் சால்னா படுக்கிற பக்கத்தை விட்டுவிட்டுத் தன் பாதியில் மட்டுமே கிடக்கிறாள். வலது கண்ணிலும் பால் படர்ந்துவிட்டது. சிரிஞ்சு வைத்தால் பல்லை இறுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக எடை குறைந்து, தூக்கினால் துண்டுதான் இருக்கிறது என்று தோன்றும். அவளையும் அனுப்பிவிடலாம் என்றுதான் நேற்றுக் காலை கூடையை எடுத்தேன். கூடையில் இறக்கும்போது அவள் என் உள்ளங்கையை நக்கினாள். சீழைத் தேடுகிற மாதிரி, எங்கே புண் இருக்கிறது என்று தேடுகிற மாதிரி விரல் விரலாக நக்கினாள். இறால் கம்பெனிக் கை, புண்ணுக்கா குறைச்சல்? அரைத்த தீவனத்தை விரலில் தடவி நீட்டினேன். நக்கினாள். மறுபடி தடவினேன். விழுங்கினாள்.

அப்போது மணி பார்த்தேன். பத்து.

இதில் எந்த அர்த்தமும் தேடாதே. நீ அங்கே உட்கார்ந்ததால் அவள் இங்கே தின்னவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று நீ கேட்பாய், அதனால் எழுதுகிறேன். மதியமும் நக்கினாள். இன்று காலை கொஞ்சம்தான். நாளைக்குத் தெரியாது. வீட்டுக்காரம்மா இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருக்கிறாள். எங்கே போனாலும் விலாசம் எழுதுகிறேன்.

புரோட்டாவுக்கு நாள் வந்தால் உன்னைக் கேட்க மாட்டேன். அனுப்பிவிட்டு எழுதுவேன். அதற்கு இப்போதே பழகிக்கொள்.

விரல் காய்கிறது. அவள் காத்திருக்கிறாள்.

செல்வி